சாயம் ஏறவே இல்லை, மாப்பிள்ளை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். கண்களை மட்டும் தனியாகக் கணக்கெடுத்தால் நாலில் மூன்று சௌக்கியம். மீதி ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அத்தை காதில் விழும். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவளாயிற்றே. மூடின கதவுக்கு அந்தப் பக்கம் கடைசி பெஞ்சில் எவன் சுருதி தப்பினான் என்று சொல்லக்கூடிய காது அது. என் மகளுக்கு எழுதலாம் என்றால், முதல் வரியைப் படித்த உடனே அம்மாவைக் கூப்பிட்டு, "அப்பா என்னமோ எழுதியிருக்காரே, என்ன விஷயம்?" என்று ஆரம்பித்துவிடுவாள். இந்தக் குடும்பத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். கல்யாணமான புதிதில் அதை நான் ஒரு குறையாக என் மகளிடமே சொன்னேன். இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். உங்கள் அத்தைக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். கூடவே இருந்தவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததில்லை. வலது கண்ணுக்கும் தேதி குறித்துக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அவள் வலது கண்ணைத் தொடவே விடமாட்டேன் என்கிறாள். அந்தக் கண்ணில் புரை முற்றிப்போயிருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லியிருக்கிறார். நான் கெஞ்சிப் பார்த்தேன், கோபித்துப் பார்த்தேன், ஒரு வேளை சாப்பிடாமல் கூட இருந்து பார்த்தேன். மசியவில்லை. நீங்கள் நேரில் வந்து ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். ஆனால் நடந்ததெல்லாம் தெரியாமல் வந்தீர்களானால் வாசற்படியிலேயே மாட்டிக்கொண்டு முழிப்பீர்கள். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கட்டைப் பிரித்த மறுநாளே அவள் புதுக் கண்ணை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வர ஆரம்பித்தாள். "இந்தச் சுவர் எப்பங்க இப்படி ஆச்சு?" என்றாள். எப்படி ஆச்சு என்றேன். "முழுக்கக் கறை. இது வீடா, ஒர்க்‌ஷாப்பா?" என்றாள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். சுவர் சுவராகத்தான் இருந்தது. அப்புறம் மின்விசிறி, அப்புறம் ஜன்னல் கம்பி, அப்புறம் என் சட்டைகள். "இந்தக் காலரைப் போட்டுக்கிட்டா பேங்குக்குப் போயிட்டு வந்தீங்க? வாட்ச்மேன் எப்படி உள்ளே விட்டான்?" என்று எல்லாச் சட்டையையும் வாளியில் போட்டு ஊற வைத்துவிட்டாள், நான் ஒரு நாள் முழுக்கத் துண்டோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கென்னவோ அந்தப் புது லென்ஸ் இருப்பதைக் காட்டுவதோடு நிற்காமல் இல்லாததையும் சேர்த்துக் காட்டுகிறது என்று பட்டது. டாக்டரிடம் கேட்கலாம் என்றால், "நீங்க சும்மா இருங்க" என்று என்னை அடக்கிவிட்டாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்தது அலமாரி. தொண்டைக்குக் குளிர் ஆகாது என்று அவள் கழுத்தில் பட்டு ஸ்கார்ஃப் சுற்றிக்கொள்வாளே, நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மொத்தம் ஐந்து வைத்திருக்கிறாள், ஐந்தும் சந்தன நிறம். கடையில் போய் நின்றால் வேறு எதையும் தொடமாட்டாள், சந்தன நிறம்தான் வேண்டும். நானும் பக்கத்தில் நின்று, ஆமாம் சந்தனம்தான் என்று சொல்லித்தான் வாங்கினோம். அன்றைக்கு அலமாரியைத் திறந்தவள், "யாரோ என் ஸ்கார்ஃபை எல்லாம் மாத்தி வெச்சுட்டாங்க" என்று கத்தினாள். யார் மாற்றப் போகிறார்கள், திருடன் வந்து பழையதை எடுத்துக்கொண்டு புதியதை மடித்து வைத்துவிட்டா போவான்? "எல்லாம் வெள்ளைங்க! பளீர்னு வெள்ளை!" என்றாள். சந்தனம் என்றேன். "வெள்ளை!" சந்தனம். "உங்களுக்கு என்ன, கண்ணு தெரியலையா?" என்று என்னைப் பார்த்தே கேட்டுவிட்டாள். மாப்பிள்ளை, என்னைப் பார்த்து!

ரயில் ஓட்டினவன் நான். பனியிலும் அடைமழையிலும் தூரத்துச் சிக்னலில் சிவப்பா பச்சையா என்று பார்த்துப் பார்த்து எத்தனையோ ஆயிரம் பேரைப் பத்திரமாக வீடு சேர்த்த கண் இது. சர்வீஸில் இருந்தவரை வருஷா வருஷம் கலர் கலராகப் புள்ளி வைத்த புத்தகத்தைக் காட்டிப் பரிசோதனை செய்வார்கள், ஒரு தடவைகூட நான் தவறியதில்லை. ரிட்டயர் ஆன பிறகு எந்த டாக்டரிடமும் கண்ணைக் காட்டவில்லை என்றால், காட்டுகிற அவசியம் வரவில்லை என்றுதானே அர்த்தம்? உங்கள் அத்தையின் ஆபரேஷனுக்குப் போனபோதுகூட அந்தக் கவுன்டரில் இருந்த பெண், "சார், நீங்களும் அப்படியே ஒரு தடவை பார்த்துக்கலாமே" என்றது. "நான் துணைக்கு வந்தவன்மா" என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் நடந்து வருகிற எவனையும் விடமாட்டார்கள்.

சரி, பொது ஆள் ஒருவரைக் கேட்கலாம் என்று மேல்வீட்டு ஆடிட்டரைக் கூப்பிட்டோம். அவர் ஸ்கார்ஃபைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், கடைசியில், "வெளிச்சத்தைப் பொறுத்து ரெண்டு விதமாவும் எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார். உங்கள் அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் பார்த்தாள், அப்புறம் அந்தக் கண்ணை மூடி இந்தக் கண்ணால் பார்த்தாள். "இந்தப் பழைய கண்ணுல அதே சந்தனமா இருக்கு. புதுசுல வெள்ளை. இத்தனை வருஷமா வெள்ளையச் சுத்திக்கிட்டா திரிஞ்சேன்?" என்றாள். சண்டையில் ஜெயித்த குரல் இல்லை அது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அதனால்தான் நான் வாயை விட்டேன். "இதுக்கு ஏன் முகத்தைத் தொங்கப் போடறே? சாயம் போட்டுடலாம். புதுக் கண்ணுக்கும் சந்தனமாத் தெரியற மாதிரி நான் பண்ணித் தரேன்" என்றேன்.

பட்டுக்குச் சாயம் போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை மாப்பிள்ளை. முதலில் சாதுவான சோப்பில் அலசி எடுக்க வேண்டும். பொடியைக் கரைத்து, அகலமான பாத்திரத்தில் தண்ணீரைச் சூடு பண்ண வேண்டும், ஆனால் கொதிக்க விடக்கூடாது, கொதித்தால் பட்டின் மினுமினுப்பு போய்விடும். சாயம் பிடிக்க வினிகர் ஊற்ற வேண்டும். ஸ்கார்ஃபை நனைத்தே உள்ளே விட்டு, மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் திட்டுத் திட்டாக ஏறும். இதெல்லாம் பாக்கெட்டின் பின்னால் போட்டிருக்கிறது. இப்போதெல்லாம் அச்சடிப்பதையே ஒழுங்காகச் செய்வதில்லை, எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது, உங்கள் அத்தைதான் படித்துச் சொன்னாள். அவளுடைய பெரிய எவர்சில்வர் குண்டாவை எடுத்ததற்கு ஒரு பாட்டம் திட்டு வாங்கிக்கொண்டு, முதல் ஸ்கார்ஃபை இறக்கினேன்.

எடுத்து அலசி ஜன்னல் பக்கம் பிடித்தால், சாயம் ஏறவே இல்லை. போட்டது போட்டபடி அப்படியே இருக்கிறது. உங்கள் அத்தை பக்கத்தில் நின்றிருந்தாள். என்னமோ சொல்ல வாயைத் திறந்தாள். "ஏறலையே, அப்படியேதானே இருக்கு" என்றேன். திறந்த வாயை மூடிக்கொண்டாள். "நல்லா பார்த்துச் சொல்லுங்க" என்றாள். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்றேன். "விளையாடாதீங்க." நான் ஏன் விளையாடப் போகிறேன்? நான் உடனே இரண்டாவது ஸ்கார்ஃபை எடுத்து, பொடியை இரண்டு மடங்கு போட்டேன். அதுவும் ஏறவில்லை. சரி, வினிகரில்தான் கோளாறு என்று வேறு வினிகர் வாங்கி மூன்றாவதைப் போட்டேன். ஏதோ கொஞ்சம் ஏறின மாதிரி, ஏறாத மாதிரி. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நேராகச் சாயக் கடைக்குப் போய், மூன்றாவது ஸ்கார்ஃபைக் கல்லா மேஜையில் விரித்துப் போட்டு, "என்னய்யா பொடி விக்கறே? துளி கூடப் பிடிக்கல" என்றேன். கடைக்காரன் ஸ்கார்ஃபைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இதுக்கு மேல என்ன சார் பிடிக்கணும்? இதைக் கட்டிக்கிட்டு ரோட்டுல நின்னா பஸ்ஸே நின்னுடும்" என்றான். வியாபாரம் செய்கிறவனுக்கு இவ்வளவு நக்கல் ஆகாது. வாயை வளர்க்காமல் இன்னொரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, பாக்கெட் முழுவதையும் கொட்டி நாலாவதைப் போட்டேன். இப்போதுதான், மனதைத் தொட்டுச் சொல்கிறேன், முன்னைவிடச் சந்தனம் ஒரு துளி கூடின மாதிரி தெரிகிறது.

இதற்கு நடுவில் ஆடிட்டர் மாடிப்படியில் என் கையைப் பிடித்து நிறுத்தி, "எத்தனை நாளா இப்படி? பசி எடுக்குதா? வாய் கசக்குதா?" என்று கேட்டு, என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். எனக்கு மஞ்சள் காமாலையாம்! கையெல்லாம் நகமெல்லாம் மஞ்சளாம்! நன்றாகக் கழுவின கை, நானே பார்த்தேன், ஒன்றும் இல்லை. வருஷக் கடைசியில் கணக்கு பார்த்துப் பார்த்து அவருக்கு இப்படி ஆகிவிடுகிறது.

இதில் எனக்குப் புரியாதது உங்கள் அத்தைதான். முதல் ஸ்கார்ஃபுக்குப் பிறகு அவள் என்னைத் திட்டுவதையே நிறுத்திவிட்டாள். குண்டா பாழாயிற்று, ஒரு வார்த்தை இல்லை. கரண்டி பாழாயிற்று, பேச்சு மூச்சு இல்லை. ஒவ்வொரு தடவையும் ஸ்கார்ஃபை வாசலுக்குக் கொண்டுபோய், விளக்கடிக்குக் கொண்டுபோய், "இப்ப எப்படி இருக்கு? இங்கே வெச்சா?" என்று என்னிடம்தான் கேட்கிறாள். இத்தனை வருஷத்தில் இல்லாத மரியாதை. சாப்பிடும்போது தம்ளரை என் கைக்கே கொண்டுவந்து தருகிறாள். பகலிலேயே விளக்கைப் போட்டு வைக்கிறாள். ஸ்கூட்டர் சாவியை எங்கேயோ வைத்துவிட்டுக் காணவில்லை என்கிறாள். புதுக் கண் வந்து என்ன பிரயோஜனம், ஒரு சாவியைக் கண்டுபிடிக்கத் துப்பில்லை. கடைக்கு நடந்து போனால் என் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறாள். பாவம், அவளுக்கு வலது பக்கம் சரியாகத் தெரியாதே என்று நானும் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து தேதியை உறுதி செய்யக் கூப்பிட்டார்கள். அவள் போனை எடுத்து, "எனக்கு வேண்டாம்மா. வலது கண்ணு இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டால், "எனக்கு இது வேணும்" என்கிறாள். வேறு பேச்சு கிடையாது. அன்றைக்குச் சாயங்காலம் தெரு ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, ஆபரேஷன் செய்த நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, அந்தப் பழைய கண்ணால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். "என்ன பார்க்கறே?" என்றேன். "சும்மா" என்றாள். அந்தச் சந்தன நிறத்துக்காகக் கண்ணையே பணயம் வைக்கிறாளே, அதை ஒரு துணியில் கொண்டுவந்து கொடுக்க எனக்குத் துப்பில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்குக் கண் போய்விட்டால் என்னால் தாங்க முடியாது. அவளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, உங்களிடம் எழுதுகிறேன்.

ஆகவே நீங்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, ஏதாவது வேலையாக வந்த மாதிரி வந்து, அவளுக்கு நல்ல புத்தி சொல்லிச் சம்மதிக்க வைக்க வேண்டும். இரண்டு, உங்கள் ஊர்ப் பெரிய கடைகளில் இன்னும் கொஞ்சம் அழுத்தமான சாயப் பொடி கிடைத்தால் வாங்கி வரவும். இந்த ஊர்ச் சாயத்தில் சத்தே இல்லை. இன்னும் சாயம் போடாத ஸ்கார்ஃப் ஒன்று பாக்கி இருக்கிறது. அதிலாவது நிறம் வந்தால் அவள் மனசு மாறும்.

என் மகளுக்கு ஆசிகள், இந்தக் கடிதத்தைக் காட்டாமல் சொல்லவும். பேத்திக்கு முத்தங்கள், அடுத்த விடுமுறைக்கு வரும்போது தாத்தா ஸ்கூட்டரில் ஒரு சுற்றுக்குப் பதில் ரெண்டு சுற்று கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லவும். உங்கள் பெற்றோருக்கு எங்கள் வணக்கம். நீங்கள் எல்லோரும் நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு:

மாப்பிள்ளை, இது அத்தை. கையெழுத்து மாறிவிட்டதே என்று பதறாதீர்கள். கடிதத்தைச் செய்தித்தாளுக்கு அடியில் ஒளித்து வைத்ததாக மாமாவுக்கு நினைப்பு. செய்தித்தாளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் எழுதின வரிமேலேயே திரும்ப எழுதியிருக்கிறார், உங்களால் படிக்க முடியாது என்று அதை மட்டும் நான் வேறு தாளில் எழுதிச் சேர்த்திருக்கிறேன். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை, என்னைப் பற்றி எழுதினது உட்பட.

முதல் ஸ்கார்ஃப் அப்படியே நான் கேட்ட சந்தனமாக வந்தது. அத்தனை அழகு. சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் இவர் ஏறவில்லை என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். இரண்டாவது கெட்டி மஞ்சள். மூன்றாவதைத்தான் கடையில் விரித்துப் போட்டு மானத்தை வாங்கியிருக்கிறார். நாலாவதுக்கு நிறம் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. துணி போனால் போகிறது. ஒவ்வொரு தடவையும் இவர், "ஐயையோ, அதிகமாயிடுச்சே" என்று சொல்லிவிட மாட்டாரா என்றுதான் பக்கத்திலேயே நின்றேன். சொல்லவே இல்லை.

"உங்களுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை" என்று இவரிடம் நேரே சொன்னால் சிக்னல், பனி, அடைமழை என்று ஆரம்பித்துவிடுவார், அது உங்களுக்கே தெரியும். அதனால்தான், என் பழைய கண்ணைப் போலத்தானே அவர் கண்ணும் இருக்கும் என்று, அடிக்கடி ஜன்னலில் நின்று நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். பழைய கண்ணில் நடைபாதை எங்கே முடிகிறது, ரோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. சாம்பல் நிற வண்டி ஒன்று கிட்ட வரும்வரை கண்ணில் படவே இல்லை. இவ்வளவுதான் தெரிகிறது, இதை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் போன விடுமுறையில் பேத்தியைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறார். சாவியை நான்தான் அரிசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். என் ரெண்டு கண்ணும் சரியாகிவிட்டால், அவருக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பார்க்க எனக்கு ஒரு வழியும் இருக்காது. அதற்காகத்தான் ஆபரேஷன் வேண்டாம் என்றேன். சந்தனமும் இல்லை, ஒன்றும் இல்லை.

கடிதத்தைப் படித்துவிட்டு, அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சண்டைக்கு வருவார் என்று தயாராகத்தான் நின்றேன். அவர் சாயம் போடாததையும் நாலாவதையும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் திரும்பி, "ரெண்டும் வேற வேறயா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஒரு நிறத்தைக் கேட்டதே கிடையாது. ஆமாங்க என்றேன். பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் பேசிவிட்டேன். எனக்குக் குறித்திருந்த அதே நாளில் நாங்கள் ரெண்டு பேரும் போகிறோம். முதலில் அவரைப் பரிசோதித்துவிட்டு, என் தேதியை அவருக்கே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய கண் ஒன்று சரியான பிறகு என்னுடையதைச் செய்துகொள்கிறேன். சாயப் பொடி எதுவும் வாங்கி வர வேண்டாம்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்கிறார். பேனாவைக் கொடுத்தேன், வேண்டாம், நீயே எழுது என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மாப்பிள்ளை, அன்றைக்கு நீங்கள் கட்டாயம் வந்து என் கூட இருக்க வேண்டும். எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. இது உங்கள் அத்தைக்குத் தெரிய வேண்டாம்."